இறக்கி வைத்த பை

யூன் 9, ஞாயிறு

இந்த டயறி எனக்கு இனாமாக வந்தது. முன் அட்டையில் 'முருகைத்தீவு புலம்பெயர்ந்தோர் ஒன்றியம், ரொறன்ரோ' என்று தங்க எழுத்து. பின் அட்டையில் என் அண்ணன் சபாநேசனின் படம், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, கீழே 'தலைவர்'. கொண்டுவந்து தந்தவர் ஒன்றியத்தின் உள்ளூர்ச் செயலாளர் குகதாசன். முன்னாள் அதிபர். வருடம் பாதி போனபின் டயறி கொடுக்கிற ஆள்.

"தவமலர், ஒரு சந்தோசமான விசயம்," என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கடற்கரையில், பழைய இறங்குதுறையடியில், தீவை விட்டுப் போனவர்களுக்கு நினைவுச்சின்னம் கட்டுகிறார்கள் அல்லவா, அதில் ஒரு பெண்ணின் சிலையும் வருகிறதாம். போனவர்களைக் கை காட்டி வழியனுப்பும் பெண். அவளுக்கு என் முகமாம். அண்ணனின் யோசனையாம். யூலை பதினாலு திறப்புவிழா. திரைச்சீலையை நான்தான் இழுக்க வேண்டுமாம்.

"என்னை ஒரு சொல்லுக் கேட்டனியளோ?"

"இதில கேக்கிறதுக்கு என்ன இருக்குப் பிள்ளை? பெருமை தானே."

தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினேன். இந்தத் தீவில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணம் கட்டவில்லை. பாலர் பள்ளியில் படிப்பித்து ஓய்ந்தாயிற்று. கோபம் வந்தால் என் ஆடுகூடக் கிட்ட வராது. எழுதி வைத்தால் இறங்குமாம் என்று யாரோ சொன்னார்கள். பார்ப்போம். அவர்கள் தந்த தாளிலேயே அவர்களைத் திட்டுவதில் ஒரு சுகமும் இருக்கிறது.

யூன் 11, செவ்வாய்

தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி வரவில்லை. கோபமும் இறங்கவில்லை.

யூன் 15, சனி

வெங்காயம் காய்ந்துவிட்டது. நீலப் பையில் கொட்டிக் குசினிக் கூரை வளையில் தொங்கவிட்டேன். எலியிடமிருந்து தப்பவைக்க எனக்கு வேறு வழி தெரியாது.

சிலைக்கு முகம் எங்கிருந்து கிடைத்தது என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும். தொண்ணூறாம் ஆண்டு யூன் தொடக்கத்தில், அண்ணா போன வள்ளத்தில் எங்கள் ஊர் ஸ்ரூடியோக்காரரும் போனார். கரையை ஒரு படம் எடுத்திருக்கிறார். துறையின் நுனியில் நான், வலக்கையை மேலே தூக்கியபடி. அந்தப் படத்தைப் பெருப்பித்து ரொறன்ரோவில் ஒன்றியத்து மண்டபச் சுவரில் கொழுவியிருக்கிறார்கள். ஒரு வருடம் கலண்டரிலும் போட்டார்கள். இடுப்புக்கு மேலே மட்டும். 'எம்மை வழியனுப்பிய தங்கை' என்று கீழே எழுத்து. அந்தக் கலண்டரை அரிசிப் பெட்டிக்கு அடியில் விரித்திருக்கிறேன். பூச்சி வராது.

வழியனுப்பிய தங்கை. எங்கள் தீவில் போகிறவருக்கு யாராவது கை காட்டுவார்களா? கை காட்டினால் கடல் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கும், எங்களுக்குப் பிறந்ததிலிருந்து சொல்லித் தந்தது அது. கயிறு அவிழ்ந்தவுடன் முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்போம். பெற்ற தாயும் திரும்பிப் பார்க்க மாட்டாள். துறையில் ஒரு கை உயர்ந்தால் அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: பொறு, இன்னும் ஓராள் ஏற இருக்கிறது.

ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. சரி. அண்ணாவுக்குத் தெரியாதா? குகதாசனுக்குத் தெரியாதா? ஊரில் மிச்சமிருக்கிற கிழடுகள் எல்லாருக்கும் தெரியும். வாய் திறக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டது ஒன்றியம், கோயிலுக்குத் தேர் செய்தது ஒன்றியம்.

யூன் 20, வியாழன்

இன்று போய்ப் பார்த்தேன். பார்க்காமல் திட்டுவது சரியில்லை என்று போனேன். பார்த்தபின் திட்டு இரட்டித்துவிட்டது.

பழைய துறையைச் சீமெந்தால் பூசி வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். கடலைப் பார்த்தபடி ஒரு வள்ளத்தின் அணியம், முன்பக்கம் மட்டும்தான், அதில் நாலு ஆண்கள், ஒவ்வொருவர் கையிலும் பெட்டி. எல்லாருக்கும் நல்ல உடம்பு. போனபோது இந்த ஊரில் அப்படி ஒரு ஆணும் இருக்கவில்லை. அணியத்துக்கு முன்னால் வட்டமாக ஒரு தொட்டி. என்ன என்று சீமெந்து பூசிக்கொண்டிருந்த மேசனைக் கேட்டேன். நீரூற்றாம். இரவில் கலர் வெளிச்சத்தோடு பாயுமாம்.

"எந்தத் தண்ணி?"

"நல்ல தண்ணி தான் அம்மா. உப்புத் தண்ணி விட்டால் மோட்டர் பழுதாப் போயிடும்."

நாங்கள் வாளியோடு பவுசரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மோட்டருக்கு நல்ல தண்ணீர்.

துறை நுனியில் அந்தப் பெண். சாக்கால் மூடியிருந்தது, காற்றுக்கு விலகியபோது பார்த்தேன். முகம் நான்தான், பொய் சொல்லக்கூடாது. மூக்கைக்கூடச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அரைத்தாவணி. பின்னலில் மல்லிகைப்பூ. உதட்டில் சிரிப்பு. கீழே பார்த்தால் வெறுங்கால்.

அன்று நான் சப்பாத்துப் போட்டிருந்தேன். யாழ்ப்பாணம் பெரிய கடையில் வாங்கின கறுத்தச் சப்பாத்து. தங்கையை வழியனுப்ப அண்ணா வந்தாலும் சரி, அண்ணாவை வழியனுப்பத் தங்கை வந்தாலும் சரி, இந்தக் கடற்கரைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு யாராவது வருவார்களா? மண்ணுக்குள் புதையும். குதிகால் கடிக்கும். ஆரும் யோசிக்கவில்லை. அரைவாசிப் படத்தில் கால் இல்லை, அதனால் வெறுங்காலைக் கொடுத்துவிட்டார்கள்.

காலடியிலும் ஒன்றும் இல்லை. சுத்தமான சீமெந்து.

யூன் 22, சனி

ரொறன்ரோவிலிருந்து அண்ணா போன் எடுத்தார். "பார்த்தியோ? அழுதிருப்பாய் எனக்குத் தெரியும்," என்றார். ஆடு கத்துகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆடு படுத்துக் கிடந்தது.

யூன் 28, வெள்ளி

எழுதாமல் விட்டால் இந்த டயறிக்கு அர்த்தம் இல்லை. எழுதுகிறேன்.

அந்த வள்ளத்தில் எனக்கும் இடம் இருந்தது. அண்ணாவும் நானும் போவதாகத்தான் ஏற்பாடு. அக்கரைக்குப் போய், கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடா. எனக்கு நேர்ஸ் வேலைக்குப் படிக்க விருப்பம். அம்மா ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் இருந்தார். சின்னம்மா வீட்டில் வந்து நின்று அவரைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். புது நீலப் பையில் என் உடுப்பு, சான்றிதழ்கள், அம்மா தந்த ஒரு போத்தல் எள்ளுருண்டை. பையை நானே வள்ளத்துக்குள் ஏற்றி, இரண்டு இருக்கைக்கும் நடுவில் வைத்தேன்.

அப்போது அண்ணா சொன்னார்: "தவம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கேல்லை. நீ ஓடிப்போய் உடைச்சிட்டு வா. நான் வள்ளத்தை மறிச்சு வைச்சிருக்கிறன்."

கரைப்பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எங்கள் தீவில் வள்ளம் வெளிக்கிடாது. சிலுவை போட்ட வேதக்காரரின் வள்ளம் என்றாலும் அப்படித்தான். கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம் துறைக்குக் கேட்கும். கேட்டால்தான் இயந்திரத்தை இழுப்பார்கள். போனேன். இரண்டு பேருக்குமாகக் கும்பிட்டேன். உடைத்தேன், சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று சந்தோசப்பட்டேன்.

இயந்திரச் சத்தம் கேட்டது.

சப்பாத்தோடு மணலில் ஓடினேன். துறை நுனிக்கு வரும்போது வள்ளம் கூப்பிடு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. கையைத் தூக்கினேன். அந்தக் கைதான் ரொறன்ரோச் சுவரில் இருக்கிறது. வள்ளத்தில் ஒருவரும் திரும்பவில்லை, படம் எடுத்தவரைத் தவிர.

பிறகுதான் கீழே பார்த்தேன். என் பை துறையில் இருந்தது. நான் ஏற்றிய பை. காலடியில், நிமிர்த்தி, அழகாக வைத்திருந்தது.

அடுத்த கிழமை சண்டை தொடங்கிக் கடல் மூடிவிட்டது. சின்னம்மா வரவேயில்லை. வர மாட்டேன் என்று முதல்நாளே அண்ணாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார், அது எனக்குப் பிறகு தெரியவந்தது. அம்மாவிடம், "நான் தான் போகேல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்," என்றேன். அம்மா நம்பினார். பதினேழு வருடம் நம்பிக்கொண்டே கிடந்து போனார்.

கேட்டிருந்தால் நான் நின்றிருப்பேன். அதுதான் என் வயிறு எரிகிற இடம். 'தவம், சின்னம்மா ஏமாத்திப்போட்டா, ஆராவது ஒராள் நிக்க வேணும்' என்று ஒரு சொல். நின்றிருப்பேன். அழுதுகொண்டாவது நின்றிருப்பேன். கேட்கவில்லை.

வீடு கூட்டவில்லை இன்று.

யூலை 3, புதன்

பவுசர் வந்தது. எனக்கு முன்னால் நின்றவளோடு வாய்த்தர்க்கம். அவள் ஒரு பாவமும் செய்யவில்லை.

யூலை 8, திங்கள்

தோமையண்ணை பால் வாங்க வந்தார். அன்றைய வள்ளம் அவருடையது. இப்போது கண் மங்கிவிட்டது, கடலுக்குப் போவதில்லை. பாலை வாங்கியபின்னும் போகாமல் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிலையைப் பற்றிச் சனம் கதைக்குது பிள்ளை."

"கதைக்கட்டும்."

"ஒரு விசயம் சொல்ல வேணும். அண்டைக்கு உன்ர பையை நான் இறக்கேல்லை."

பால் செம்பைக் கீழே வைத்தேன்.

"பாரம் கூட எண்டும் நான் சொல்லேல்லை. தங்கச்சி வரேல்லையாம், மனம் மாறிப்போட்டாள் எண்டு உன்ர கொண்ணன் சபாநேசன் தான் பையைத் தூக்கித் துறையில வைச்சவன். தேங்காய் உடைஞ்ச சத்தம் கேட்டுது. இழுத்திட்டன். நீ வந்து கையைத் தூக்கினது எனக்குத் தெரியாது. நான் முன்னுக்கெல்லோ பார்த்துக்கொண்டு நிண்டனான்."

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே பிள்ளை."

கேட்கவில்லைதான். வள்ளக்காரர் பாரம் என்று இறக்கியிருக்கலாம், அண்ணா மறித்தும் கேளாமல் இழுத்திருக்கலாம். அந்த ஒரு 'லாம்' எனக்கு இத்தனை வருடம் போதுமாயிருந்தது. போனில் அவரோடு கதைக்கவும், கனடாப் படங்களைப் பார்க்கவும், மருமகளின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லவும். இனி அதுவும் இல்லை.

தோமையண்ணைக்குப் பால் ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றினேன்.

யூலை 11, வியாழன்

அண்ணா வந்துவிட்டார். மகள் அபிராவும். பட்டணத்தில் ஏசி உள்ள ஹோட்டலில் நிற்கிறார்கள். மத்தியானம் சாப்பிட வந்தார்கள். அண்ணாவுக்கு வயிறு வைத்திருக்கிறது, தலைக்கு மை. என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, குழம்பு அடிப்பிடிக்குமோ என்றுதான் இருந்தது.

அபிராவுக்கு இருபத்துமூன்று. பொல்லாத பிள்ளை இல்லை. தமிழ் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிக் கதைக்கும். குசினிக்குள் வந்து அண்ணாந்து பார்த்தது.

"இந்தப் பை வடிவா இருக்கு மாமி. பழைய ஸ்டைல். இது எங்க எல்லாம் போனது?"

"எங்கயும் போகேல்லை."

யூலை 12, வெள்ளி

ஒன்றியத்து ஆட்கள் நாலு பேர் வந்து எனக்குப் பட்டுச்சேலை தந்தார்கள். திறப்புவிழாவுக்கு உடுக்கட்டாம். மேடையில் நான் என்ன பேச வேண்டும் என்றும் குகதாசன் சொல்லித் தந்தார். 'போய் வாருங்கள் என்று அன்று சொன்னேன், வந்துவிட்டீர்கள் என்று இன்று சொல்கிறேன்.' இதை இரண்டு தரம் சொல்லிப் பார்க்கச் சொன்னார். நான் பாலர் பள்ளியில் முப்பது வருடம் இப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள்கூட என்னைக் கேள்வி கேட்டார்கள்.

யூலை 13, சனி

கேட்டுவிட்டேன்.

நண்டுக் கறி வைத்தேன், அண்ணாவுக்கு உயிர். குசினியில் பாய் விரித்து இருந்தார். அபிராவும் பக்கத்தில். அவர் நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"அண்ணா, அண்டைக்கு என்ர பையை வள்ளத்தாலை இறக்கினது ஆர்?"

உறிஞ்சுவது நிற்கவில்லை. "பையோ? எந்தப் பை?"

"நான் ஏத்தின பை."

"ஓ, அது. உவர் தோமையண்ணை தான். பாரம் கூடிப்போச்செண்டு தூக்கி வைச்சவர். நான் பொறுங்கோ பொறுங்கோ எண்டு கத்தினனான், மனுசன் கேக்கேல்லையே. எனக்கு இண்டைக்கும் மனம் ஆறேல்லை தவம். அதுக்காகத் தானே உன்ரை முகத்திலை சிலை வைக்கிறன்."

பை அவருடைய தலைக்கு நேர் மேலே தொங்கியது. அவர் நிமிரவில்லை. அபிரா நிமிர்ந்தது. பையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு சாப்பிடவில்லை.

ஒரு தரம் கேட்டாயிற்று. உண்மையைச் சொல்லியிருந்தால், சத்தியமாக, நான் மற்றக் காலையும் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் போட்டிருப்பேன். விட்டிருப்பேன். 'நான் தான் இறக்கினனான்' என்பது மூன்று சொல். அந்த மூன்று சொல்லுக்குப் பதிலாக எனக்குச் சீமெந்தில் இரண்டாள் உயரத்தில் ஒரு பொய். நான் செத்த பிறகும் அது அந்தத் துறையில் சிரித்துக்கொண்டு கை காட்டும்.

அவர்கள் போனபின் வெங்காயத்தைப் பாயில் கொட்டினேன். பையை ஈரத்துணியால் துடைத்தேன். மூலையில் கொஞ்சம் எலி கடித்திருக்கிறது, மற்றபடி நல்ல பை. பெட்டகத்துக்குள் இருந்த சப்பாத்தையும் எடுத்துப் போட்டேன்.

யூலை 14, ஞாயிறு

பட்டுச்சேலை உடுக்கவில்லை. என் பருத்திச் சேலையோடு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். குகதாசன் பையைப் பார்த்து, "சாமான் வாங்கப் போறியளோ பிள்ளை?" என்றார். இல்லை, கொண்டுபோய்க் குடுக்க இருக்கு என்றேன்.

கடற்கரை முழுக்கச் சனம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நிழற்பந்தலில், ஊர்ச் சனம் வெயிலில். நீரூற்று பாய்ந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் அதில் போத்தல் நிரப்பினார்கள், காவற்காரர் கலைத்தார். தோமையண்ணை முன்வரிசைக்குப் பக்கத்தில் பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றார்.

நல்ல நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி அண்ணா தட்டில் ஒரு தேங்காயோடு வந்தார். மஞ்சள் பூசின தேங்காய். நான் கண்ணால் பார்த்து, காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்:

"தவம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கேல்லை. நீ ஓடிப்போய் உடைச்சிட்டு வா. உன்ர கையால எண்டால் நல்லது."

அவருக்கு ஞாபகமே இல்லை. முகத்தைப் பார்த்தேன், ஒரு கள்ளமும் இல்லை. என் ஆயுளைத் திருப்பிவிட்ட வசனம் அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. ஆனால் குரல் தண்ணீர் மாதிரி வந்தது.

"இந்தமுறை நீங்கள் போய் உடையுங்கோ அண்ணா. தலைவர் நீங்களெல்லோ. நான் மறிச்சு வைச்சிருக்கிறன்."

பக்கத்தில் நின்ற மேடை மைக்கில் அது கேட்டுவிட்டது. சனம் கை தட்டியது. தலைவர் தேங்காயோடு மணலில் நடந்து போனார்.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குகதாசன் கிசுகிசுத்தார், "அவர் வரட்டும் பிள்ளை." ஊர்ச் சனத்தைப் பார்த்துக் கேட்டேன்: "எங்கட துறையில எப்ப வெளிக்கிடுறது?"

கிழடுகள் குகதாசனைப் பார்த்தார்கள். பிறகு தோமையண்ணை பொல்லைத் தூக்கினார். "தேங்காய் உடைஞ்ச சத்தம் கேட்டால் வெளிக்கிடுறது."

கோயிலில் தேங்காய் உடைந்தது. துறைக்கு நன்றாகக் கேட்டது. கயிற்றை இழுத்தேன்.

திரைச்சீலை விழுந்தது. பந்தலில் இருந்தவர்கள் எழும்பிக் கை தட்டினார்கள். நாதஸ்வரம் தொடங்கியது. நான் சிலையடிக்குப் போய், தோளில் இருந்த பையை இறக்கி, அவளுடைய வெறுங்காலுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தேன். சப்பாத்தை எடுத்துப் பைக்கு முன்னால் வைத்தேன். அவ்வளவுதான். பேச்சுப் பேசவில்லை.

ஊர்ச் சனம் கை தட்டவில்லை. உயர்ந்த கையைப் பார்த்தார்கள், பையைப் பார்த்தார்கள். விளங்கிவிட்டது. பின்வரிசையில் ஒரு கிழவி, "இவள் ஏற நிண்டவளெல்லோ," என்றாள். நாதஸ்வரக்காரர் தானாக நிறுத்தினார்.

அப்போதுதான் அண்ணா வந்தார். ஒரு கையில் தேங்காய்ப் பாதிகளோடு தட்டு, மற்றக் கையை மேலே தூக்கியபடி, பளபளக்கும் சப்பாத்து மணலில் புதையப் புதைய ஓடி வந்தார். "பொறுங்கோ! பொறுங்கோ!"

முழுச் சனமும் அவரைப் பார்த்தது. பிறகு சிலையைப் பார்த்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு துறைக்கு வந்து சேர்ந்தார். படம் எடுப்பவர்கள் காத்திருந்தார்கள். சிலையடியில் என்ன குப்பை என்று நினைத்திருக்க வேண்டும். குனிந்து பையின் பிடியில் கையை வைத்தார்.

"இறக்குங்கோ அண்ணா," என்றேன். "பழகின கை தானே."

பிடித்த கை பிடித்தபடி நின்றது. பிறகு பையை அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் அது வருவதை நான் பார்த்தேன். தோமையண்ணையைப் பார்த்தார், அவருடைய மங்கின கண்ணுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, ஆனாலும் அவர் இந்தப் பக்கம்தான் திரும்பி நின்றார். அபிரா பந்தலிலிருந்து எழும்பி வந்து தகப்பனிடம் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டது. அண்ணா பையிலிருந்து கையை எடுத்தார்.

நான் முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

யூலை 15, திங்கள்

அபிரா தனியாக வந்தது. குசினியில் இருந்து என்னோடு வெங்காயம் உரித்தது. கண்ணீர் வெங்காயத்துக்கென்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம். "அப்பா ஹோட்டல்ல ரூமை விட்டு வெளிய வரேல்லை மாமி," என்றது. நான் கேட்டதற்குச் சொன்ன பதில் அல்ல அது. நான் கேட்கவில்லை.

யூலை 21, ஞாயிறு

அண்ணா போய்விட்டார். வந்து சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு ஆறியதா என்றால் ஆறவில்லை. கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

குகதாசன் இன்று போன் எடுத்தார். ஒன்றியத்துக்குச் சரியான மனவருத்தமாம். படங்கள் ஒன்றும் போட முடியவில்லையாம், எல்லாவற்றிலும் பை இருக்கிறதாம். காவற்காரரை எடுக்கச் சொன்னால் ஊர்ச் சனம் விடுகிறார்கள் இல்லையாம். யாரோ சப்பாத்துக்குப் பூ வைத்திருக்கிறார்களாம்.

"நீங்கள் ஒருக்கா வந்து எடுத்துக்கொண்டு போனால் என்ன பிள்ளை?"

"எடுக்க வேணுமெண்டால் அண்ணாவுக்காக நீங்கள் கேக்காதேங்கோ. எனக்கு விருப்பமோ எண்டு அவரை வந்து கேக்கச் சொல்லுங்கோ."

"கேட்டால் எடுப்பியளோ?"

"கேட்டால் யோசிப்பன்," என்றேன். "இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேக்கேல்லை."

வெங்காயம் இன்னும் பாயில்தான் கிடக்கிறது. வேறு பை தைக்க வேண்டும்.